மாரிக்கனியின் கறுப்பும் செம்பு மினுக்கமும்

1

கதை வந்த வழியை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அருப்புக்கோட்டையில் பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனேன். கேட்காமலே என் முகத்தை வெளுத்துக் கொடுத்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் வந்த வெட்கத்தில் எழுத உட்கார்ந்தேன்.

‘மாநிறமும் களையான முகமும் கொண்ட மாரிக்கனி…’

(நிறுத்துகிறேன். அவள் நல்ல கறுப்பு. ஸ்டுடியோக்காரரைக் கேலி செய்ய வந்த நானே முதல் வரியில் பவுடர் பூசிவிட்டேன்.)

2

திருச்சுழிப் பக்கத்து மாரிக்கனி, கல்யாண ஆல்பத்தோடு ஜெயக்குமாரின் ஸ்டுடியோவுக்கு வந்தாள். எட்டு வருடத்துக்கு முன் அவரே எடுத்த ஆல்பம்.

“அண்ணாச்சி, எம்மக ரோஷினி இதப் பாத்துட்டு, ‘அப்பா பக்கத்துல கலரா நிக்கிற அத்த யாரும்மா?’ன்னு கேக்குறா.”

ஜெயக்குமாருக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

“என்னய வேற யாராவோ ஆக்கிப்புட்டீக. எம்மக கை நீட்டி ‘இதுதான் அம்மா’ன்னு சொல்ற மாதிரி ஒரு படம் போட்டுக் குடுங்க. வீட்ல மாட்டணும்.”

3

வெளுக்காத ஒரிஜினல் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடைத்தது. பளபளக்கும் தாளில் பெரிதாக பிரிண்ட் போட்டார். நேராகப் பார்த்தால் மாரிக்கனி. சற்றுச் சாய்த்தால், பிரிண்டர் மை கெட்டியாக விழுந்த கன்னத்திலும் கூந்தலிலும் செம்பு மினுக்கம் ஓடியது. மை விழாத மல்லிகைப்பூ மட்டும் திட்டுத்திட்டாக மங்கிக் கிடந்தது.

“வெளக்கி வச்ச அண்டா மாதிரில்ல இருக்கேன்!” என்றாள் மாரிக்கனி.

பளபளப்பில்லாத மேட் தாளில் போட்டுப் பார்த்தார். மினுக்கம் போனது, கறுப்பும் சாம்பலாகிப் போனது.

(இந்த இடத்தில் மையின் குணம் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். உங்கள் கொட்டாவிச் சத்தம் கேட்டதால் அடித்துவிட்டேன்.)

எளிய வழி ஒன்று ஜெயக்குமாருக்குத் தெரியும். முகத்தை வெளுத்தால் மை குறையும், மை குறைந்தால் மினுக்கமும் குறையும். கை தானாக மவுஸுக்குப் போனது.

“கொஞ்சூண்டு வெளுத்துட்டா சரியாயிரும் தாயி.”

“அப்ப நானும்ல போயிருவேன் அண்ணாச்சி?”

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மாரிக்கனி கோபித்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள். இன்னொன்றில் ஜெயக்குமார் மனம் திருந்தி அரைப் பக்கம் பேசுகிறார். அவர் அப்படிப் பேசுகிற ஆளே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் மவுஸைத் தொடாமல் பளபளக்கும் தாளிலேயே மறுபடி போட்டார். ஒரு நாள் முழுக்க மையைக் காயவிட்டார். மாடியில் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்தது. அதனால் உடை மாற்றும் அறைக்குள் ஃபேனை நிறுத்தி, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, நிறமில்லாத வார்னிஷை மெல்லிசாகத் தெளித்தார். காயவிட்டு மறுபடி, அப்புறம் இன்னொரு தரம். மை விழுந்த இடமும் விழாத இடமும் ஒரே பளபளப்புக்கு வந்தன. சாய்த்துப் பார்த்தார். செம்பு இல்லை. கறுப்பு கறுப்பாகவே நின்றது, அழகாக இருந்தது. எட்டு வருடத்துக்கு முன் இது ஏன் கண்ணில் படவில்லை என்று அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

5

ஞாயிற்றுக்கிழமை மாரிக்கனி மகளோடு வந்தபோது கடைசிப் பூச்சு ஈரமாகவே இருந்தது.

“தொட்ராத பாப்பா!” என்று ஜெயக்குமார் கத்தி முடிப்பதற்குள், ரோஷினி “அம்மா!” என்று படத்தில் விரலை வைத்துவிட்டாள்.

படத்தின் கன்னத்தில் சின்னதாகக் கைரேகை பதிந்தது. மாரிக்கனி படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“போச்சு! புதுசா ஒண்ணு போட்டுத் தாரேன் தாயி. அதக் குடுங்க.”

மாரிக்கனி படத்தை நெஞ்சோடு அணைக்கப் போனாள். ஈரம் நினைவு வந்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். கொடுக்கவில்லை.

ஜெயக்குமார் இப்போது என்னிடம் வந்து நிற்கிறார். பழுதான பிரிண்ட் தன் கடை பேரில் வெளியே போகக் கூடாதாம், கதையிலாவது அந்த ரேகையைத் துடைத்துவிட வேண்டுமாம். எனக்கு மனசு வரவில்லை. படம் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. துணியை உங்களிடம் தருகிறேன், உங்களுக்கு மனசு வந்தால்…