இரண்டாவது கட்டுரைக்கு ஹால்வர்

ஏரிக்கரை ஊரான டுலூத்தின் முதியோர் இல்லத்தில் ஹால்வரிடம் இருந்தது ஒரே ஒரு கதை. அவர் பஸ் ஓட்டிய காலத்தில், பனிப்புயலில் வண்டி நின்றுபோய், பின்சீட்டில் ஒரு பெண்ணுக்கு அவரே பிரசவம் பார்த்த கதை. உதவிக்குப் போகும் மாணவி ப்ரென்னாவிடம் வியாழக்கிழமை தவறாமல் சொல்வார். அவளும் முதல் தடவை கேட்பவள் மாதிரி வாயைப் பிளப்பாள்.

மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் தன்னைப் பற்றி எழுதச் சொன்ன முதல் கட்டுரையில் அதைத்தான் எழுதினாள். அவருக்கு வாசித்தும் காட்டினாள். கிழவருக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு கல்லூரிகள் ஆளுக்கொரு இரண்டாவது கட்டுரை கேட்டன. அதன் வரைவைப் பார்த்த விண்ணப்ப ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார்.

"மறுபடியும் அதே பஸ்காரரா? ஒரே சூப்பை எத்தனை கிண்ணத்துல ஊத்துவே? ரெண்டையும் சேர்த்துத்தான் படிப்பாங்கம்மா. வேற எதாவது கொண்டா."

அந்த நினைப்போடே வியாழனன்று போனாள்.

"அன்னைக்குப் பனி பாரு..." என்று ஹால்வர் ஆரம்பித்ததும் வாய் முந்திக்கொண்டது.

"அது தெரியும் ஹால்வர். இன்னொரு கட்டுரைக்கு வேற எதுவும் இல்லையா உங்ககிட்ட?"

மனிதர் பொசுக்கென்று அடங்கிப்போனார். "முன்னாடியே சொல்லிட்டேனா?"

அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் வாயைத் திறப்பார், "இதையும் சொல்லியிருப்பேன்" என்று மூடிக்கொள்வார். ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ப்ரென்னாவுக்கு உறுத்தியது. 'பொறுமையாகக் கேட்கக் கற்றுக்கொண்டேன்' என்றல்லவா முதல் கட்டுரையை முடித்திருந்தாள்!

கடைசியில் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஹால்வர், அந்தப் பனிக் கதை எனக்கு மறந்துபோச்சு. சொல்லுங்களேன்."

"மறதி எனக்குன்னுல்ல டாக்டர் சொன்னாரு? புளுகாதே பொண்ணே." சிரித்தார். ஆனாலும் சொன்னார். பனி, நின்ற வண்டி, அலறல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. முடிவில் மட்டும் குரல் தாழ்ந்தது.

"பையனுக்கு என் பேரை வைக்கிறேன்னு சொன்னா அந்தப் பொண்ணு. அப்புறம் ரிட்டையர் ஆகுற வரைக்கும் பஸ்ல ஏறுற பசங்களை எல்லாம் பேரு கேட்டேன். ஒருத்தன்கூட ஹால்வர்னு சொல்லல." அவள் கையைத் தட்டினார். "இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. புதுசு. எழுதிக்கோ."

அதற்குள் அவள் மனசு அதை இரண்டாவது கட்டுரையின் முதல் வரியாக்கிவிட்டிருந்தது. வெட்கத்தில் காது மடல் வரை சுட்டது.

"இதை எழுத மாட்டேன் ஹால்வர்."

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஏன்மா, இதுவும் நல்லா இல்லையா?"