பரெட்டோ வீடு, செவ்வாய்க்கிழமை வரை

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுதுவது இலக்கியத்துக்காக இல்லை. குடியிருக்கும் வீடு போய்விடக் கூடாது என்பதற்காக. மேற்கு ஆப்பிரிக்காவில், லாகோஸ் தீவில், பரெட்டோ குடும்பத்து மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் பத்தொன்பது வருடமாக இருக்கிறேன். மேலே வீட்டுக்காரி மொரேனிக்கேயும் அவள் தம்பி அகின்டாயோவும். வீட்டை இடித்துப் பன்னிரண்டு மாடி எழுப்ப ஒருவர் வந்து கேட்க, தம்பி சரி என்றுவிட்டான். செவ்வாய்க்கிழமை கையெழுத்து. ஆகவே நான் நடுநிலையாளன் இல்லை, தெரிந்துகொண்டு படியுங்கள்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

அட்லாண்டிக்கின் அலைகள் எத்தனை நூற்றாண்டுகளாக— (வேண்டாம். அலையில் தொடங்கிய கதைகள் போதும்.)

பிரேசிலின் பாஹியாவில் அடிமைகளாயிருந்து, விடுதலையாகி, கப்பலேறி லாகோஸுக்குத் திரும்பியவர்களின் வழிவந்த— (பாடப்புத்தகம். ஆனால் விஷயம் அதுதான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

மொரேனிக்கே வியாழக்கிழமை மதியமே காராமணியை ஊறவைத்தாள். (இது பரவாயில்லை.)

2.

மொரேனிக்கே வியாழக்கிழமை மதியமே காராமணியை ஊறவைத்தாள். பெரிய வெள்ளியன்று, பிரேசிலிலிருந்து திரும்பியவர்களின் வீடுகளில் எல்லாம் ஃபிரெஜோன்தான். பயறை வேகவைத்து மசித்து, தேங்காய்ப்பாலில் காய்ச்சி, கொஞ்சம் சர்க்கரை போட்டு, பக்கத்தில் காரமான மீன்குழம்பு. இந்த வருடம் விருந்தாளி வேறு. பழைய கட்டடங்களை ஆராயும் ஜுசாரா, கப்பலேறாமல் அங்கேயே தங்கிவிட்டவர்களின் வழிவந்தவள், ஏதோ மாநாட்டுக்காக பாஹியாவிலிருந்து வந்திருந்தாள்.

அகின்டாயோ ஒரு நிபந்தனை போட்டிருந்தான்.

"எல்லாரும் பிரேசில் வீடு, பிரேசில் வீடுங்கறீங்க. அங்கேருந்து வர்றவங்க வாயால 'இது எங்க ஊரு வீடு'ன்னு சொல்லட்டும். நான் கையெழுத்துப் போடல."

"சொல்லலன்னா?"

"வாய மூடிக்கிட்டு சாமானக் கட்டு, அக்கா."

(இவனை வில்லனாக்க எனக்கும் ஆசைதான். ஆனால் மழைக்காலத்தில் கூரையேறி ஒழுகலை அடைப்பவன் இவன்தான். வீட்டை உயிராக நினைக்கும் மொரேனிக்கே ஒருநாளும் கூரையேறியதில்லை. வில்லன் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை.)

3.

ஜுசாரா வெள்ளை உடையில் வந்தாள். எங்கள் ஊர் மொழியான யொரூபாவை, பாஹியாவின் பூசைப் பாட்டுகளில் கற்றபடி பேசினாள். தண்ணீர் கேட்டாலும் மந்திரம் போலிருந்தது. பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து இரு கைகளாலும் நீட்டினாள்.

"இது ஆப்பிரிக்கா எண்ணெய். எங்க ஊர்ல சாமிக்குப் படைக்கிறது. உங்களுக்காகவே கொண்டுவந்தேன்."

பாமாயில். கடல் தாண்டி. லாகோஸுக்கு.

"அடடா, இதெல்லாம் இங்க எங்க கெடைக்குது கண்ணு!" என்று மொரேனிக்கே வாங்கிக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால் அதே எண்ணெய் ஐந்து லிட்டர் கேனில் நின்றது. அகின்டாயோ சிரிப்பை இருமலாக்கினான்.

அப்புறம் ஃபிரெஜோன். முதலில் நான் இப்படித்தான் எழுதியிருந்தேன்: 'ஜுசாரா ஒரு வாய் வைத்து, முகம் சுளித்து, உப்பு கேட்டாள்.' பிரமாதமான முரண் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். மொரேனிக்கே படித்துவிட்டுக் காகிதத்தை என் மடியில் எறிந்தாள்.

"ஏன்யா பொய் எழுதுற? அவ ரெண்டு கிண்ணம் சாப்பிட்டா. 'எங்கம்மா பெரிய வெள்ளிக்கு இதத்தான் பண்ணுவாங்க'ன்னு அழுதா. நீ பக்கத்துலதான் உக்காந்து மூணாவது கிண்ணம் தின்னுட்டிருந்த!"

நடந்தது அதுதான். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே பயறு. நானாக எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மொரேனிக்கேவுக்குத் தைரியம் வந்துவிட்டது. பயறே பொருந்தும்போது வீடு பொருந்தாமல் போகுமா?

4.

ஜுசாரா வீட்டைச் சுற்றி வந்தாள். வளைந்த சன்னல்களைத் தடவிப் பார்த்தாள். சுவரின் பூவேலையைப் படமெடுத்தாள். வாசலுக்கு மேல் காரையில் செதுக்கியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'ஜோவாக்கிம் பரெட்டோ, கொத்தனார்.'

"இது யாரு?"

"எங்க கொள்ளுத் தாத்தா. அவரே கட்டினது," என்றாள் மொரேனிக்கே.

"அவரேவா குடியிருந்தாரு?"

"பின்ன? இந்த ரூம்லதான் செத்தாரு."

அகின்டாயோவுக்குப் பொறுமையில்லை. "சொல்லுங்க மேடம். இது உங்க ஊரு வீடா, இல்லையா?"

ஆமாம் என்று சொல்லேன் என மொரேனிக்கே கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இல்ல," என்றாள் ஜுசாரா.

(இந்த இடத்தில் நான்கு முறை 'ஆமாம்' என்று எழுதிப் பார்த்தேன். அவள் வாயில் அது நிற்கவில்லை.)

"சன்னல், பூ, வளைவு எல்லாம் எங்க ஊருதான். அங்க தெருத்தெருவா நிக்குது. எல்லாம் எங்க ஆளுங்க கட்டினது. ஆனா வாசல்ல எசமான் பேருதான் இருக்கும். நாங்க பின்கட்டுல படுத்துக் கெடந்தோம். கட்டினவனே பேரப் போட்டுக்கிட்டு, உள்ள உக்காந்து சோறு தின்ன வீட்ட நான் அங்க பாத்ததே இல்ல. அப்புறம் எப்படி எங்க ஊரு வீடுன்னு சொல்றது?"

மொரேனிக்கே அழுதாள். நானும் அழுதேன். அதை நாசூக்காக மறைத்து எழுதத் தெரியும், மறைக்கப் போவதில்லை.

"இல்லன்னுதான சொன்னாங்க?" என்றான் அகின்டாயோ, மெல்ல. அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

5.

முடிவுகள்.

அ) பத்திரத்தைக் கிழிக்கிறான். (மொரேனிக்கே சொல்லி எழுதியது. எத்தனை துண்டு என்பதையும் அவளே சொன்னாள்.)

ஆ) கையெழுத்துப் போடுகிறான். கொத்தனார் பெயர் மட்டும் பன்னிரண்டு மாடியின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள். (இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. அடித்துவிட்டேன்.)

இ) சொன்ன சொல் சொன்ன சொல்தான் என்று அகின்டாயோ—

இங்கே கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவனேதான். இன்று சனிக்கிழமை.

"எங்களப் பத்திக் கதை எழுதறியாமே?"

"ஆமா."

"செவ்வாய்க்கிழமை நான் என்ன பண்றேன்?"

"இன்னும் அங்க வரல."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். முகம் வீங்கியிருந்தது, தூங்கவில்லை போலிருக்கிறது. "சீக்கிரம் எழுதுய்யா. எனக்கும் தெரியல."

காகிதத்தை அவன் பக்கம் திருப்பிவைத்தேன். மூன்றாவது முடிவை, அந்த அரை வாக்கியத்தை, இரண்டு முறை படித்தான். இப்போது கையை நீட்டிப் பேனாவைக் கேட்கிறான்.

நான் குடியிருப்பவன், கொடுக்கப் பயமாயிருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், கொடுக்கட்டுமா?