நூற்றுப்பத்து வோல்ட் சல்சா

சனிக்கிழமை சாயங்காலம் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எலேனா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மவுண்ட் ரோடில் இருக்கிற விமானக் கம்பெனி ஆபீஸ் திங்கட்கிழமை எத்தனை மணிக்குத் திறக்கும்?

சுப்பராமன் ஒன்பதரை என்றார். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கேள்வி என்று ஒன்று காதில் விழுந்தால் வாய் முதலில் பதில் சொல்லிவிடும், மூளை பின்னால் மூச்சு வாங்க ஓடி வரும். மூளை வந்து சேர்ந்தபோதுதான் கேள்வியே உறைத்தது.

"எதற்கம்மா கேட்கிறாய்?" என்றார். மருமகளோடு அவர் பேசுவதெல்லாம் இங்கிலீஷில்தான்.

"டிக்கெட்டை மாற்ற வேண்டும். ஒரு மாதம் முன்னாலேயே ஊருக்குப் போய்விடலாம் என்று பார்க்கிறேன். என்னைக் கூட்டிக்கொண்டு போவீர்களா?"

அதற்கும் வாய்தான் முந்திக்கொண்டது. "அதற்கென்ன, போகலாமே."

எலேனா அவர் பிள்ளை வேம்புவின் மனைவி. வேம்பு டெக்சாஸில் இன்ஜினீயர். அங்கேயே சான் அன்டோனியோ என்ற ஊரில், மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண்ணைப் பார்த்துப் போன வருஷம் கல்யாணம் செய்துகொண்டான். இப்போது இரண்டு மாத லீவில் அவளை மயிலாப்பூருக்கு அழைத்து வந்தான். மூன்றாவது வாரமே கம்பெனி வேலை என்று பெங்களூருக்குப் போய்விட்டான். திரும்பி வர இன்னும் பத்து நாள். அதுவரை அவளுக்கு வீட்டில் பேச்சுத்துணை சுப்பராமன் ஒருவர்தான். அவர் மனைவி சூடாமணிக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாத பாஷையில் தப்பாகப் பேசுவதைவிடச் சும்மா இருப்பது மரியாதை என்பது சூடாமணியின் கட்சி. எலேனாவின் கண்ணுக்கு அந்த மரியாதை வேறு மாதிரித் தெரிந்தது.

"போவதற்கு ஏதாவது காரணம்?" என்று கேட்டார் சுப்பராமன்.

எலேனா கூடத்துக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். நவராத்திரி பொம்மைகள் இருக்கும் அந்த அலமாரியில், செட்டியார் பொம்மைக்கும் ராமர் பட்டாபிஷேகத்துக்கும் நடுவில், பளபளவென்று ஒரு அமெரிக்க மிக்ஸி நின்றது. மாமியாருக்கென்று எலேனா மடியிலேயே வைத்துக்கொண்டு விமானத்தில் கொண்டுவந்த பரிசு. வந்த அன்றே சூடாமணி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். அதோடு சரி.

"இந்த வீட்டில் யார் யாருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன்" என்றாள் எலேனா. சுவரைக் காட்டினாள். சுப்பராமனின் அப்பா, அம்மா, பெரியப்பா, மாமனார் என்று வரிசையாகப் படங்கள். "எல்லோருமே இறந்துபோனவர்கள்."

சுப்பராமனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. அந்த மிக்ஸி நூற்றுப்பத்து வோல்ட் மின்சாரத்துக்குச் செய்தது, இங்கே வருவது இருநூற்று முப்பது, சொருகினால் எரிந்துவிடும், அதற்காக ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கித் தருகிறேன் என்று சொன்ன வேம்பு மறந்துவிட்டுப் போனான், இதையெல்லாம் விளக்கினார். எலேனா தலையாட்டினாள். முப்பத்திரண்டு வருஷம் அவர் பார்த்த தலையாட்டல்தான். புரியவில்லை, ஆனால் மணி அடித்தால் போதும் என்கிற தலையாட்டல்.

"சரி, உன் ஊர் சாப்பாட்டில் உனக்கு இப்போது என்ன கிடைத்தால் தேவலை?" என்று கேட்டார்.

அவள் யோசிக்கவே இல்லை. "சல்சா. அம்மா ஐந்து நிமிஷத்தில் செய்துவிடுவாள். தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, இரண்டு பல் பூண்டு, எலுமிச்சம்பழம், உப்பு. எல்லாம் பச்சையாக மிக்ஸியில் போட்டு அரைக்க வேண்டியதுதான்." சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரியும் தயிர்சாதம் நாலு வாய், ஒரு வாழைப்பழம்.

சுப்பராமன் முடிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை காலைக்குள் அந்த மிக்ஸி ஓட வேண்டும், அதில் சல்சா அரைபட வேண்டும். அதற்கப்புறமும் அவள் போகிறேன் என்றால் போகட்டும். சமையலறையில் தண்ணீர் மொண்டு குடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்து பழக்கமில்லை என்ற சின்ன விஷயத்தை அவர் பொருட்படுத்தவில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே லஸ் பக்கம் போய் எலக்ட்ரீஷியன் மெஹபூப் பாஷாவின் வீட்டுக் கதவைத் தட்டினார். பாஷா லுங்கியோடு வந்து நின்றான். பழைய மாணவன். அவரைப் பார்த்ததும் இடுப்பு லுங்கியை ஒருமுறை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"இன்னா சார், ஞாயித்துக்கெயம அதுவுமா?"

விஷயத்தைச் சொன்னார்.

"அதுக்கு டிரான்ஸ்பாரம் வோணும் சார். ரிச்சி தெருவுல கெடைக்கும். நாளைக்குத்தான் தொறப்பான்."

"நாளைக்கு ஆகாது பாஷா. இன்னிக்கே ஓடணும்."

"மருமவ எந்த ஊரு?"

"மெக்சிகோக் குடும்பத்துப் பொண்ணு."

பாஷா அவரை ஒரு மாதிரி பார்த்தான். "மெக்சிகோ எங்க கீதுன்னு மேப்புல காட்டத் தெரிலன்னு என்ன ஒரு பீரியடு பூரா பெஞ்சு மேல நிக்க வெச்சீங்களே, நாபகம் கீதா?"

"நீ ஆப்பிரிக்காவைக் காட்டினே."

"இப்ப பாருங்க, மெக்சிகோவே உங்க ஊட்டாண்ட வந்து நிக்குது, உங்களுக்கு இன்னா பண்றதுன்னு தெரில." சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். "இஸ்திரிப் பொட்டி கீதா ஊட்ல? பயசா?"

"ரொம்பப் பழசு."

"அதான் வோணும்."

வீட்டுக்கு வந்து பாஷா ஒரு பலகையில் இரண்டு பிளக் பாயிண்டை அடித்தான். ஒன்றில் இஸ்திரிப் பெட்டி, இன்னொன்றில் மிக்ஸி. "கரண்டு மொதல்ல பொட்டிக்குள்ள பூந்து அப்பால மிஷினுக்குப் போவும். பாதிய பொட்டி துன்னுடும், மீதிதான் மிஷினுக்கு. ஒண்ணு மட்டும் சார். மிஷின் ஓட்றப்போ பொட்டியும் சுடும். பயய பொட்டி, சும்மா வெச்சா தாங்காது. துணி மேல ஓட்டிக்கினே இருக்கணும். மிஷின் நின்னா இதுவும் ஆறிடும்."

"அதாவது, சல்சா அரைக்கிறபோது ஒருத்தர் இஸ்திரி போடணும்."

"அவ்ளோதான். ஒரு பக்கம் சட்னி, ஒரு பக்கம் சலவை. ரெண்டு வேலையும் முடிஞ்சிடும்." பாஷா ஒரு பைசா வாங்க மறுத்துவிட்டான். பெஞ்சிலிருந்து இறங்கியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறேன் என்றான்.

அடுத்து மாடவீதி. காய்கறி விற்கும் கபாலி தக்காளி, வெங்காயம், மிளகாய் எல்லாம் பேசாமல் போட்டான். பூண்டு என்றதும் தராசு நின்றது. சுப்பராமன் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பூண்டு போவது பிள்ளை உண்டானவளுக்கோ, பிள்ளை பெற்றவளின் பத்தியத்துக்கோ மட்டும்தான்.

"ஊட்ல விசேசமா மாமா? சொல்லவே இல்லியே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. ரெண்டு பல் போதும்."

"பெரியவங்க அப்டித்தான் மூணு மாசம் வரைக்கும் வெளிய சொல்ல மாட்டாங்க" என்று கபாலி ஒரு முழுப் பூண்டும், கேட்காமலே ஒரு கட்டுக் கொத்தமல்லியும் பையில் திணித்தான். வீடு திரும்புவதற்குள் எதிரில் வந்த இரண்டு பேர் சுப்பராமனைப் பார்த்து அர்த்தத்தோடு சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். ஒரு நாளில் ஒரு சண்டைதான் போட முடியும்.

அந்தச் சண்டை கூடத்தில் காத்திருந்தது. சூடாமணி பையைத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"ஏன்னா, இது என்ன?"

"பூண்டு."

"அது மூக்குக்கே தெரியறது. யாருக்கு?"

சுப்பராமன் எல்லாவற்றையும் சொன்னார். டிக்கெட், சுவர்ப் படங்கள், அவள் சொன்ன வார்த்தை, எதையும் விடவில்லை. சூடாமணி மிக்ஸியைப் பார்த்தாள், அப்புறம் சுவரில் பொட்டு வைத்த படங்களைப் பார்த்தாள்.

"ஆசையாக் கொண்டு வந்ததாச்சே, கண்ணு படாம இருக்கணும்னு பொட்டு வெச்சேன்" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "அதை இப்படியா எடுத்துண்டா?"

"அவகிட்ட நீ ஒரு வார்த்தை பேசினாத்தானே தெரியும்."

"நீங்கதான் நாள் பூரா பேசிண்டிருக்கேளே. மெக்சிகோவில மழை எத்தனை அங்குலம்னு அவகிட்டயே கேட்டுண்டு." பூண்டைக் கையில் எடுத்தாள். "இந்த ஆத்துக்குள்ள பூண்டு வந்து இருபத்தொம்பது வருஷமாறது. வேம்பு பொறந்தப்போ எங்கம்மா எனக்கு லேகியம் கிண்டினா. பெத்தவளுக்குத்தான் குடுக்கணும்னு யார் சொன்னா? ஊரை விட்டு வந்தவளுக்கும் குடுக்கலாம்." உரிக்க உட்கார்ந்துவிட்டாள்.

பத்து மணிக்கு ஏற்பாடு தயார். கூடத்து மேஜையில் மிக்ஸி, நெற்றியில் பொட்டோடு. பக்கத்தில் விரிப்பு, அதன்மேல் சுப்பராமனின் வெள்ளைச் சட்டை. நாளைக்கு மவுண்ட் ரோடு போக வைத்திருந்த சட்டை. இஸ்திரிப் பெட்டி சூடாமணி கையில். தக்காளியில் பாதியும் மற்றதில் பாதியும் மிக்ஸிக்குள். மிச்சம் சம்புடத்தில்.

"போடட்டுமா?"

"போடுங்கோ. என்ன ஆறதுன்னு பாத்துடலாம்."

பொத்தானை அழுத்தினார். மிக்ஸி ஒரு கணம் தயங்கி, பிறகு உறுமிக்கொண்டு கிளம்பியது. எரியவில்லை. புகையவில்லை. சுப்பராமனுக்கு ஏற்பட்ட பெருமையில் மூடியை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது மறந்துவிட்டது. மூடி ஒருபக்கம் தூக்கிக்கொள்ள, சிவப்பாக ஒரு துளி பறந்து போய்ச் சுவரில் அப்பா படத்தின் நெற்றியில் சந்தனத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தது. இரண்டு கையாலும் மூடியை அமுக்கிக்கொண்டார். சட்னி என்றால் விழுதாக இருக்க வேண்டும், அவருக்குத் தெரிந்தது அதுதான். அதனால் அரைத்தார். அரைத்துக்கொண்டே இருந்தார். நாலு நிமிஷம் அரைத்தார்.

"அது என்ன, நுரைக்கிறது?" என்று சூடாமணி எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்த்தவள் கை நின்றது.

கருகின வாசனை வந்தபிறகுதான் இருவரும் திரும்பினார்கள். சட்டையின் இடது மார்பில், பாக்கெட்டின்மேல், இஸ்திரிப் பெட்டியின் உருவம் தீவு மாதிரி பழுப்பாகப் படிந்திருந்தது. மிக்ஸிக்குள் இருந்தது ரோஸ் நிறத்தில் நுரை. குழந்தைகள் சோப்பு நுரை என்று ஊதி விளையாடலாம் போலிருந்தது.

"இதுவா அவா சாப்பிடறது?" என்றாள் சூடாமணி.

சுப்பராமன் ஒரு ஸ்பூன் வாயில் விட்டுக்கொண்டார். பதில் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார். "இன்னும் பாதி தக்காளி இருக்கு" என்றார். "சட்டையிலும் இன்னும் ஒரு பக்கம் இருக்கு. எடு பெட்டியை."

அப்போதுதான் மாடிப்படியில் எலேனா நிற்பதைப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு இறங்கி வந்திருந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பொட்டு வைத்த மிக்ஸி. இஸ்திரிப் பெட்டியோடு மடிசாரில் மாமியார். மூக்குக்கண்ணாடியில் கொத்தமல்லி இலை ஒட்டிய மாமனார். சுவரில் தக்காளிப் பொட்டோடு வேம்புவின் தாத்தா. மிக்ஸியிலிருந்து வந்த ஒயரைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து போய் அது இஸ்திரிப் பெட்டியில் முடிவதைக் கண்டுபிடித்தாள்.

"நிஜமாகவே நூற்றுப்பத்து வோல்ட்தானா" என்றாள் மெதுவாக.

பிறகு படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். வந்த நாளாக அவள் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டே அழுகிற மாதிரியும் இருந்தது. சூடாமணி பெட்டியை வைத்துவிட்டுப் போய்ப் புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள். "அழாதேடி கொழந்தே, சட்டை போனவரே அழலை" என்றாள் தமிழில். எலேனா தலையாட்டினாள். இந்தத் தலையாட்டல் வேறு என்று சுப்பராமனுக்குப் பட்டது.

இரண்டாவது ஈடு எலேனாவின் கையில். நுரையைச் சுவைத்துப் பார்த்து, மாமனாரை இரக்கத்தோடு பார்த்தாள். பொத்தானைத் தொட்டு உடனே எடுக்க வேண்டும், மறுபடி தொட்டு எடுக்க வேண்டும், ஆறு தடவைக்கு மேல் கூடாது. துண்டு துண்டாக நிற்க வேண்டும். அவள் ஒரு தடவை தொட்டால் சூடாமணி ஒரு தடவை இழுப்பாள். உறுமல், இழுப்பு, உறுமல், இழுப்பு. ஒரு வார்த்தை பொதுவாக இல்லாத இரண்டு பேர் தாளம் தப்பாமல் வேலை செய்தார்கள். நடுவில் நிற்கக் கூடாது என்று சுப்பராமனை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

தொட்டுக்கொள்ள அவள் ஊர் ரொட்டி இல்லை. சூடாமணி அப்பளம் பொரித்தாள். எலேனா ஒரு துண்டு உடைத்துச் சல்சாவில் தோய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். ஏழு அப்பளம் சாப்பிட்டாள். சுப்பராமன் எண்ணினார். சூடாமணி மோதிர விரலால் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைத்தாள்.

"வதக்கலை, தாளிக்கலை" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு எடுத்தாள். "உப்பு ஒரு கல்லு போடணும்னு சொல்லுங்கோ அவகிட்ட."

ஆனால் டிக்கெட்டைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. சுப்பராமனுக்குக் கேட்க பயம்.

திங்கள் காலை எலேனா கைப்பையோடு தயாராக நின்றாள். அவரும் தயாரானார். கருகின சட்டையைத்தான் போட்டுக்கொண்டார், இஸ்திரி போட்டது அது ஒன்றுதான். பாக்கெட்டில் பேனாவைக் குத்தித் தீவை மறைக்கப் பார்த்தார். மறைந்தது பேனாதான்.

பஸ் ஏறினார்கள். மவுண்ட் ரோடு வந்தது. விமானக் கம்பெனி ஆபீஸ் இருக்கும் நிறுத்தம் வந்தது. சுப்பராமன் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாக்குக் கொடுத்திருந்தார், கூட்டிக்கொண்டு போய்த்தான் ஆக வேண்டும். "இங்கேதான் இறங்க வேண்டும்" என்றார்.

எலேனா ஜன்னல் வழியே அந்தக் கட்டடத்தைப் பார்த்தாள். அவர் சட்டையைப் பார்த்தாள்.

"அந்த டிரான்ஸ்ஃபார்மர் விற்கிற தெரு இதுவா?" என்றாள்.

"இல்லை. அது இன்னும் தள்ளி. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடக்க வேண்டும்."

"அப்படியானால் உட்காருங்கள் அப்பா" என்றாள். "அது இல்லாமல் வாரத்துக்கு ஒரு சட்டை போய்விடும்."

சுப்பராமன் உட்கார்ந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் நகர்ந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் கொத்தமல்லி ஏதும் இல்லை.