சுவருக்குள் நின்ற ரயில்

மருமகள் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, சுவர் ஓட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம், மாமனாரின் அறையில், நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம். காலையில் உயிரோடு இருந்தவர் இப்போது பிணம். அவருடைய பொம்மை ரயில் இன்னும் ஓட்டைக்குள்தான் நின்றது. தண்டவாளத்தில் பூசிய நகப்பூச்சைக் கணவன் பார்ப்பதற்குள் எடுத்தாக வேண்டும். அப்பாவோடு உட்கார்ந்து அந்தத் தண்டவாளத்தைப் போட்டவன் அவன். ஒரு பார்வை போதும், கண்டுபிடித்துவிடுவான்.

தொண்டை ஆபரேஷனில் பேச்சுப் போன பிறகு கிழவர் கண்டுபிடித்த வழி அந்த ரயில். கட்டிலிலிருந்து சுவர் ஓட்டை வழியாகச் சமையலறை வரை பாதை. கட்டிலோரத் திருகைத் திருப்பினால் ஓடும். முதலில் எஞ்சின் சக்கரம் வழுக்கியது. தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளை எஞ்சினுக்குள் ஒட்டினார். பாதி வழியில் வேகம் செத்தது. தண்டவாளத் துண்டுகள் சேரும் இடமெல்லாம் ஒயர் வைத்துப் பற்றவைத்தார். அப்புறம் கில்லி மாதிரி ஓடியது. பெட்டியில் பாட்டில் மூடி வந்தால் தண்ணீர். மாத்திரை உறை வந்தால் மாத்திரை. அவளுடைய தையல் டப்பாவிலிருந்து பொறுக்கிய சிவப்புப் பட்டன் வந்தால், மூச்சு முட்டுகிறது, ஓடி வா. இந்தப் பட்டன் சங்கதி பகலெல்லாம் வீட்டில் கிடக்கும் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டன் ஒருநாளும் வந்ததில்லை. வந்ததெல்லாம் காலிப் பெட்டி. தையல் மெஷினை நிறுத்திவிட்டு முழங்கால் வலியோடு ஓடிப்போய் நின்றால், கிழவர் தோள் குலுங்கச் சிரிப்பார். சிலேட்டில் எழுதிக் காட்டுவார்: ‘சோதனை ஓட்டம்.’ பாவி மனுஷன், அவருக்கு வேறு பொழுதே போகாது.

“எனக்கும் காலு இருக்குல்ல மாமா, வலிக்காதா?” என்று ஒருமுறை கேட்டேவிட்டாள்.

‘நல்லாத்தானே ஓடுது’ என்று எழுதினார்.

நகப்பூச்சு வித்தையும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். சமையலறைக் கோடியில் ரயில் சுவரில் மோதாமல் நிற்க, எஞ்சின் நீளத்துக்குத் தண்டவாளத்தில் பூசச் சொன்னார். பூச்சின் மேல் ஏறினால் சக்கரத்துக்குக் கரண்ட் கிடைக்காது, நின்றுவிடும். இன்று காலை அவள் அதே புட்டியை எடுத்து ஓட்டைக்குள்ளும் பூசினாள். பள்ளிச் சீருடைகளை வாங்க மத்தியானம் ஆள் வருகிறது. அதுவரைக்கும் கொஞ்சம் நிம்மதி, அவ்வளவுதான் கேட்டாள்.

கடைசிச் சட்டையைத் தைக்கும்போது சுவருக்குள் ரயில் வரும் சத்தம் கேட்டது. வந்தது, நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“இப்ப சிரிங்க மாமா, நல்லா சிரிங்க” என்று சொல்லிக்கொண்டே காலர் வைத்தாள். அன்றைக்கென்று காலர் அழகாக உட்கார்ந்தது.

தைத்து முடித்துப் போய்ப் பார்த்தபோது கிழவரின் வாய் திறந்து கிடந்தது. இடது கை ரயில் திருகின் மேல். வலது கை போர்வைக்குள்.

“அங்க என்ன பண்ற?”

கணவன் சமையலறை வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது.

“அப்பா வண்டி உள்ள மாட்டிக்கிச்சுங்க. எடுக்கலாம்னு…”

சொல்லி முடிப்பதற்குள் கடைசித் துணுக்குப் பூச்சும் அவள் நகத்தோடு வந்துவிட்டது. திருகை அணைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. ரயில் அவள் விரலை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்து, அவன் காலடியில் போய் நின்றது. அவன் குனிந்து பெட்டியை எடுத்தான். அவள் கண் அதற்குள் சிவப்பைத் தேடியது.

“ஒண்ணுமே இல்ல” என்றான். “காலிப் பெட்டி. சும்மாதான் அனுப்பியிருக்காரு பாரு. கடைசி வரைக்கும் உன்ன வம்புக்கு இழுக்காம விடலையே!” சிரிக்கப் போனவன் அழுதான். “அப்ப கஷ்டப்படாமதான் போயிருக்காரு, இல்ல?”

“ஆமாங்க. கஷ்டமே படல.”

அப்பாடா என்றிருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கும் அழுகை வந்தது, நல்ல அழுகையாக.

“தையலம்மா, இங்க கொஞ்சம் வா” என்று பக்கத்து வீட்டு நர்ஸம்மா அறையிலிருந்து கூப்பிட்டாள். கிழவரின் கைகளை நேராக்கிக்கொண்டிருந்தாள். “என்னா இறுக்கு! விரலப் பிரிக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. இந்தா, இதத்தான் புடிச்சிட்டிருந்தாரு.”

சிவப்புப் பட்டன். கிழவரின் வலது உள்ளங்கையில் அதன் வட்டம் பதிந்திருந்தது. பெட்டி வரை கை எட்டவில்லை. ரயிலை மட்டும் அனுப்பியிருக்கிறார்.

“சட்டைப் பட்டனா?” என்றான் கணவன்.

“பின்ன? சட்டையப் பாரு, ரெண்டாவது பட்டனக் காணோம். தையல்காரி வீட்டு மனுஷன் இப்படியா போறது? தச்சு விடும்மா.”

“வெள்ளச் சட்டைக்கு இது நல்லா இருக்காது. டப்பாவுல வேற எடுத்துட்டு வரேன்.”

“வேண்டாம்” என்றான் கணவன். “இதையே தை. அவரு கையில வச்சிருந்தது.”

ஊசியில் சீருடைக்குக் கோத்த வெள்ளை நூல் மிச்சம் இருந்தது. அவள் கட்டிலோரம் உட்கார்ந்து தைத்தாள். கணவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கத்தரிக்கோல் மெஷின் மேல் இருந்தது, எடுத்துவர யாரும் போகவில்லை. அவள் குனிந்து, கிழவரின் மார்பில் வாயை வைத்து நூலைக் கடித்து அறுத்தாள்.