எந்தத் தலைப்புக்கும் ஒரே கட்டுரை

கருவாரு நகரத்தில், கல்லூரியில் இடம் வாங்க எழுதும் எனெம் தேர்வை முழுசாகப் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். பெயர் அனக்லேத்தோ. அவரே அப்படிச் சொல்லியிருக்கிறார், உள்ளூர் வானொலியில், இரண்டு முறை. அவருடைய பயிற்சி மையத்தில் நான் கணக்குப் பாடம் நடத்துகிறேன். கணக்கை யாரும் மதிப்பதில்லை. ஆயிரம் மதிப்பெண் கட்டுரைக்கு, கூட்டமும் அங்கேதான்.

அவர் கண்டுபிடித்தது ஓர் அச்சு. முதல் பத்தியில் ஒரு ஜெர்மன் தத்துவவாதி வருத்தப்படுவார். நடுவில் வரலாற்று அலட்சியம். கடைசியில் அமைச்சகம், பள்ளிகளில் விழிப்புணர்வு முகாம் நடத்தி, சமத்துவ சமுதாயம் படைக்கும். தலைப்பு வெள்ளமானாலும் வெறிநாயானாலும் கோடிட்ட இடத்தில் நிரப்பினால் போதும்.

மரினால்வா நகப்பூச்சுக் கடையில் வேலை செய்பவள், முப்பத்தோரு வயது. செவிலியர் படிப்புக்கு இது மூன்றாவது முயற்சி. இதுவும் போனால் விட்டுவிடுவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மையத்தில் சேர்ந்திருந்தாள்.

"புரொபசர், எனக்கே சொல்ல ஏதாவது இருந்தா?"

"வீட்ல வெச்சுக்கோ மகளே. திருத்துறவளுக்கு அன்னிக்கு இன்னும் நூத்தம்பது கட்டுரை பாக்கி. நீ வேற யோசிச்சு அவ உயிர வாங்காத."

தேர்வின் நாடி பார்க்கிறேன் என்று அனக்லேத்தோவும் வருடாவருடம் தேர்வு எழுதுவார். அந்த நவம்பரில் வந்த தலைப்பு, அரசு சுகாதார நிலையங்களில் காத்திருப்பு. மரினால்வா பல்லைக் கடித்துக்கொண்டு ஜெர்மன்காரரை வருத்தப்பட வைத்தாள். அனக்லேத்தோவுக்கோ பித்தப்பையில் கல்; அறுவைக்குப் பதினான்கு மாதமாகக் காத்திருக்கிறார். பேனா அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அவளுக்குத் தொள்ளாயிரத்து அறுபது. செவிலியர் இடமும் கிடைத்தது. அவருக்கு நானூற்று எண்பது. திருத்திய கட்டுரையைப் பிறகு பார்க்கலாம், மேல்முறையீடு கிடையாது. பார்த்தார். தீர்வு சொல்ல வேண்டிய பத்தியில், மருத்துவர்கள் எல்லோருக்கும் அதே கல் வரட்டும் என்று சாபம் விட்டிருந்தார். மனித உரிமைக்கு எதிராக எழுதினால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் பூஜ்யம். இந்த விதியைப் பதினோரு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப்போட்டவர் அவர்தான்.

"திருத்தினவனுக்கு வலின்னா என்னன்னு தெரியல" என்றார் என்னிடம். மையத்து வாசலில் மரினால்வாவின் முகம் பேனரில் சிரித்தது. அவருடைய மதிப்பெண்ணைப் பற்றிப் பேனர் ஒன்றும் சொல்லவில்லை.

செவிலியர் வகுப்பு தொடங்கிய பிறகு அவள் வெள்ளைச் சீருடையில் நன்றி சொல்ல வந்தாள். அவர் என்னையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்.

"நெஜமா என்ன எழுதணும்னு நெனச்ச?"

"எங்க பேட்டை சுகாதார நெலையத்துல ஒரு நாளைக்கு பன்னெண்டு டோக்கன்தான். எடம் பிடிக்க ராத்திரியே செருப்பக் கழட்டி வரிசைல வெச்சுட்டுப் போவோம். டாக்டர் ஒம்பதரைக்கு வந்து, செருப்பையெல்லாம் ஓரமா தள்ளிட்டு, ஏன் இங்க இவ்ளோ குப்பைம்பாரு. எங்கம்மா ஒத்தக் கால் செருப்போட வீட்டுக்கு வந்தாங்க."

அனக்லேத்தோ கொஞ்ச நேரம் பித்தப்பைப் பக்கம் தடவிக்கொண்டிருந்தார்.

"அருமையா இருக்கு. ஐநூறு வாங்கியிருப்ப."

"தெரியும் புரொபசர். அதான் எழுதல."