எழுந்து நிற்காத அலமாரி

என் வீட்டுக்காரர் தரையில் படுக்கவைத்துச் செய்த அலமாரியை நிமிர்த்தும்போது, அதன் மேல் மூலை சீலிங்கில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. சுண்ணாம்பு பெயர்ந்து என் தலையில் கொட்டியது. "இன்னும் கொஞ்சம் தம் கட்டித் தள்ளு" என்றார் மனுஷன். தள்ளினால் சீலிங் என்ன எழுந்து வழி விடுமா?

அன்று சாயங்காலம் அம்மா வருவதாக இருந்தது, எங்களோடேயே இருந்துவிட. அண்ணன் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் டிவியை அணைத்த பிறகுதான் அவள் படுக்க முடியும். துணி மாற்றக் குளியலறைக்குத்தான் ஓட வேண்டும். "அங்கயாவது எனக்குன்னு ஒரு மூலை இருக்குமாடி?" என்று போனில் கேட்டிருந்தாள். எங்கள் ஹாலை இந்த அலமாரியால் மறித்து, பின்பக்கம் அவளுக்கு ஓர் அறை என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

தச்சரைக் கூப்பிடலாம் என்றேன். கேட்டால்தானே! "கணக்கு வாத்தியாருக்கே அளவு சொல்லிக் குடுக்கறியா?" என்று எகிறினார். தினமும் டியூஷனில், தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்துகிற ஆள்: செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம் மற்ற இரு பக்க வர்க்கங்களின் கூடுதலுக்குச் சமம்! இதெல்லாம் எதற்கு சார் என்று ஒருத்தி கேட்டதற்கு, வாழ்க்கை முழுக்க உதவும் என்றாராம். உதவின லட்சணம் இதோ முட்டிக்கொண்டு நிற்கிறது.

"சீலிங் எட்டடி. ரெண்டங்குலம் கம்மியாத்தானே செஞ்சிருக்கேன்" என்றார், ஏதோ தானம் பண்ணிய மாதிரி. நின்ற பிறகு சரி. நிமிர்கிற வழியில் அது சாய்ந்தல்லவா வரும்? அப்போது மேலே இடிப்பது உயரமில்லை, மூலைக்கு மூலை உள்ள நீளம். டேப்பைப் பிடித்துக் காட்டினேன். எட்டடி ஓரங்குலம்.

"இதுக்கு உங்க பாஷையில என்னங்க பேரு?"

"கர்ணம்" என்றார், வாய்க்குள்ளேயே.

மறுபடி கீழே சாய்த்தோம். மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு, "பசை போட்டு ஒட்டியாச்சு, இனிமே பிரிக்கவும் முடியாது. உங்கம்மா இன்னும் ரெண்டு மாசம் அங்கயே இருக்கட்டுமே. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். ரொம்பச் சுலபமாக வந்தது அந்த வார்த்தை. முகத்தில் வருத்தத்தின் நிழல்கூட இல்லை. முட்டாளுக்கு வாக்கப்பட்டேன் என்றுதான் இத்தனை நாள் தலையில் அடித்துக்கொண்டிருந்தேன். முட்டாளாக இருந்தால் தேவலையே.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

அவர் சீலிங்கில் விழுந்த கீறலையே பார்த்துக்கொண்டிருந்தார். சீ என்றாகிவிட்டது எனக்கு.

ரம்பத்தை எடுத்தேன். அலமாரிக்கு அடியில் கால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த பலகைகளில் ரெண்டங்குலத்துக்குக் கோடு போட்டேன்.

"ஏய், அறுக்காத! அசிங்கமாயிடும்."

"இப்ப இருக்கறத விடவா?"

பாதிப் பலகை அறுபட்டபோது வாசலில் அம்மா நின்றாள். படுத்துக் கிடந்த அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் எதிரில் மண்டியிட்டு, பலகையை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

"ஆடுதுடி. நான் பிடிச்சுக்கறேன், நீ அறு."

அவர் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக நின்றார். மரத்தூள் அம்மாவின் முழங்கையெல்லாம் அப்பியது. அவளுடைய பை இன்னும் வாசற்படிக்கு வெளியேதான் இருந்தது.