ஐந்துக்கு ஐந்து

சோலோ நகரத்துப் பெண்கள் நாற்பது பேரைக் கூடத்தில் உட்காரவைத்து, சர்க்கரை போடாத புதுத் தேநீரைக் குடிக்கச் சொல்லி மதிப்பெண் கேட்டார்கள். நாற்பது பேரும் ஐந்துக்கு ஐந்து. இந்தச் சோதனையை நடத்திய ரெத்னோ தாள்களை மறுபடி மறுபடி புரட்டினாள். போன வருடம் ஒரு சூப்புக்கும் இப்படித்தான் அள்ளிப் போட்டார்கள். நாலே மாதத்தில் சூப் விற்பனை படுத்துவிட்டது. அந்தப் பழியில், அவளுக்குக் கீழே வீடு வீடாகக் கேள்வி கேட்டுத் திரிந்த ஆறு பெண்களுக்கும் வேலை போனது. இப்போதுதான் கெஞ்சிக் கூத்தாடி அவர்களை மறுபடி சேர்த்திருக்கிறாள்.

அதிலும் காஸியெம் அம்மாள் செய்ததை அவள் கண்ணாலேயே பார்த்தாள். ஒரு வாய் குடித்தார், மிச்சத்தைப் பூந்தொட்டியில் ஊற்றினார், திரும்பி வந்து ஐந்தைச் சுற்றி வட்டம் போட்டார்.

"என்னம்மா, தொட்டியில ஊத்திட்டு அஞ்சு போடுறீங்க?"

"மெதுவாப் பேசு கண்ணு. அந்த வெள்ளைக்கார மனுஷன் கடல் தாண்டி வந்து தன் கையால ஊத்திக் குடுக்குறாரு. வாயில வைக்க முடியலேன்னு மூஞ்சிக்கு நேரா யாராவது சொல்லுவாங்களா?"

"நீங்க சொல்லலேன்னா எங்க பொழப்பு போயிடும்மா."

"நீ படிச்ச பொண்ணு. நீயே பதமா எடுத்துச் சொல்லிடு."

சொல்லத்தான் போகிறாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னல்வரை நடந்தாள், திரும்பினாள். 'பாக், இவங்களுக்குப் பிடிக்கல, மரியாதைக்குப் போட்டுட்டாங்க.' மேலதிகாரியை 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

ஆம்ஸ்டர்டாமிலிருந்து வந்திருந்த மேலதிகாரி யோஸ்ட் தாள்களை ஆட்டிக்கொண்டு வந்தார். "நாப்பதும் அஞ்சு! எங்க ஊர்ல சொந்தக் கல்யாண விருந்துக்கே மூணுதான் போடுவோம், ரெத்னோ!"

"பாக்..."

"என்ன கோளாறா? பட்டுனு சொல்லு. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

வேர்த்து ஊறிய சட்டை, காலையிலிருந்து நின்றபடி ஊற்றிய கை, குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு. ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள் ரெத்னோ. தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

"நீ இன்னும் குடிச்சே பாக்கலையே!" குவளை நிறைய ஊற்றி நீட்டினார்.

வலது கையால் வாங்கினாள். ஜன்னலுக்கு வெளியே அவளுடைய ஆறு பெண்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேநீர் வேம்பாய்க் கசந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"எத்தனை போடுவே?"

"அஞ்சு, பாக்."

வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி, இந்த வேலையும் போச்சு என்பதுபோல், குனிந்து தன் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள்.